ஓரிகன் நாட்டு ஜோயல் பால்மர்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வரலாற்றைப் படிப்போர் வாஷிங்டன், ஜெபர்சன், லிங்கன் ஆகிய பெரியோர்களின் பெயர்களை நன்கு அறிவர். ஆனால் அட்லாண்டிக் கடற்கரையில் தோன்றிய அந்தக் குடியரசு பசிபிக் கடற்கரை வரையில் பரவியது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடினால், அவ்வளவாகப் புகழ் பெறாத வேறு சிலரைச் சந்திக்கிறோம். மாட்டு வண்டி கட்டி மலை கடந்தவர்கள், மரம் வெட்டிப் பாதை அமைத்தவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் ஊர் கட்டிச் சட்டசபை கண்டவர்கள் அவர்கள். முன்னோடிகள் என்று அமெரிக்கர்கள் அவர்களைப் போற்றுகிறார்கள். அவர்களுள் ஒருவர் ஜோயல் பால்மர். இரண்டு ராஜ்யங்களின் சட்டசபைகளில் அங்கம் வகித்தவர். பிறருக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதியவர். வந்தேறிய மக்களுக்கும் அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்கும் இடையே நின்று, இரு தரப்பாருடைய மனக்கசப்பையும் ஏற்றவர். பிழைப்பைத் தேடிப் புதிய நிலத்திற்குச் செல்லும் மக்களுக்கும் அங்கு ஏற்கனவே வாழ்ந்துவரும் மக்களுக்கும் இடையே எழும் சிக்கலை அவருடைய வாழ்க்கை தெளிவாக எடுத்துக் காட்டுகிறது.

பால்மர் 1810-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ஆம் தேதி, கனடா நாட்டில் ஒண்டாரியோப் பகுதியிலுள்ள எலிசபெத்டவுன் என்னும் இடத்தில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரை அறவே வெறுப்பதும், எல்லா மனிதர்களிடத்தும் இறையொளி உண்டு என்று நம்புவதும் அப்பிரிவினரின் கொள்கை. சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க் ராஜ்யத்திற்குக் குடிபெயர்ந்தது. வறுமையின் காரணமாக அச்சிறுவன் வேறொரு குடும்பத்தில் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாளாக இருக்க நேர்ந்தது. பள்ளிப் படிப்பு மிகச் சொற்பமே. பதினாறு வயதில் விடுதலை பெற்றதும் பென்சில்வேனியா சென்று, கால்வாய் வெட்டும் வேலையிலும் பாலம் கட்டும் வேலையிலும் கைதேர்ந்தார். 1830-இல் மணம் புரிந்துகொண்டார். அம்மனைவி இறந்தபின் 1836-இல் சாரா ஆன் டார்பிஷையர் என்னும் மாதை மணந்தார்.

அந்நாளில் இண்டியானா ராஜ்யத்தில் கால்வாய்ப் பணிகள் மும்முரமாக நடந்தன. பால்மர் அங்கு லாரல் என்னும் ஊரில் குடியேறி, வைட்வாட்டர் கால்வாய் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தினார். நிலம் வாங்கிப் பயிரிட்டார். மக்களின் நம்பிக்கையைப் பெற்று, 1843 முதல் 1845 வரையில் இண்டியானா சட்டசபையில் உறுப்பினராக விளங்கினார். அது பணமுடை மிகுந்த காலம். 1837-இல் நாடெங்கும் வங்கிகள் தத்தளித்தன. கால்வாய்களுக்காகப் பெருங்கடன் வாங்கிய இண்டியானா அரசு 1841-இல் வட்டி கட்டவும் இயலாத நிலையை அடைந்தது. விளைபொருளுக்கு விலை இல்லை. இத்தகைய வேளையில்தான் மேற்கே, மலைகளுக்கு அப்பால், ஓரிகன் என்னும் வளமான நாடு இருக்கிறது என்ற செய்தி உழவர்களின் செவியில் தேனாகப் பாய்ந்தது.

ஓரிகன் அப்பொழுது யாருடைய நாடு? 1818-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பிரிட்டனும் அமெரிக்காவும் அதைக் கூட்டாக அனுபவித்து வந்தன. 1846-இல்தான் 49-ஆவது அட்சரேகை எல்லையாக வகுக்கப்பட்டு, தென்பகுதி அமெரிக்காவைச் சேர்ந்தது. அதற்கு முன்பே அங்குச் சென்ற குடியேற்றக்காரர்கள், 1843-இல் சாம்போயெக் என்னுமிடத்தில் கூடித் தாமாகவே ஒரு தற்காலிக அரசை நிறுவிக்கொண்டனர். வல்லரசுகள் இரண்டும் இவ்வாறு உரிமை பேசிக்கொண்டிருக்க, எண்ணற்ற தலைமுறைகளாக அங்கு வாழ்ந்துவந்த கலப்பூயா, சினூக், கயூஸ், நெஸ்பெர்ஸ் முதலிய பூர்வ குடிகளை யாரும் கேட்கவில்லை. இந்த மக்களையே நம் பழைய புத்தகங்கள் செவ்விந்தியர் என்று குறிப்பிட்டன. வில்லாமெட் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 1830-ஆம் ஆண்டுகளில் பரவிய விஷக்காய்ச்சலால் மாண்டுபோயினர். பிற்பாடு அங்கு வந்த வெள்ளையர்களின் கண்களுக்கு அது ஆளற்ற நிலமாகத் தோன்றியதற்கு இதுவே காரணம். உண்மையில் அது ஆளற்ற நிலம் அன்று; ஆட்களை இழந்த நிலம்.

1845-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பால்மர் மனைவியையும் மக்களையும் ஊரில் விட்டு, ஓரிகனை நேரில் கண்டு வரப் புறப்பட்டார். பிறர் சொல் கேட்டுக் குடும்பத்தை அழைத்துச் சென்று அல்லல்படுவதைவிட, முதலில் தாமே பார்த்துவிடுவது நலம் என்பது அவருடைய கருத்து. மிசூரி ராஜ்யத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரமே யாத்திரை தொடங்கும் இடம். அங்கிருந்து ஓரிகன் சுமார் 2,000 மைல். காளைகள் இழுக்கும் வண்டி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அல்லது பதினைந்து மைல் செல்லும். ஆகவே ஐந்து ஆறு மாதங்கள் பிடிக்கும். பிளாட் ஆற்றின் கரையோடு சென்று, லாரமி கோட்டையைக் கடந்து, தென்கணவாய் வழியே ராக்கி மலைத்தொடரைத் தாண்டி, ஸ்னேக் ஆற்றை ஒட்டி நீலமலைகளை ஏறி இறங்கினால் கொலம்பியா ஆற்றை அடையலாம். பனி விழுமுன் போய்ச் சேர வேண்டும் என்பது ஒவ்வொருவர் மனத்திலும் ஓயாத கவலை.

அவ்வாண்டு அப்பாதையில் சென்றவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். அத்தனை பேரும் ஒரே கூட்டமாகப் போனால் மாடுகளுக்குப் புல் கிடைக்காது. ஆற்றைக் கடக்கவே பல நாள் ஆகும். எனவே சிறு சிறு குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் வாக்கெடுத்துத் தலைவரைத் தேர்ந்தது. இரவுக் காவலுக்கு முறை வகுத்தது. சண்டை சச்சரவுகளைத் தீர்க்க விதிகள் இயற்றிக்கொண்டது. எந்த அரசின் அதிகாரமும் எட்டாத வெட்டவெளியில், நகரும் குடியரசுகள் போல அவை சென்றன என்று சொன்னால் மிகையாகாது. சட்டசபையில் இருந்து பழகிய பால்மரைத் தம் தலைவராக ஒரு குழுவினர் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

வழியில் பாய்சி கோட்டையருகே ஸ்டீபன் மீக் என்பவர், தமக்குக் குறுக்கு வழி தெரியும் என்று சொன்னார். சுமார் 200 வண்டிகள் அவரைப் பின்பற்றின. அவர்கள் கிழக்கு ஓரிகனின் வறண்ட நிலத்தில் வழி தவறி, நீரின்றியும் நோயுற்றும் பலரை இழந்து, நைந்துபோய்க் கொலம்பியாக் கரையை அடைந்தனர். பால்மர் அவ்வழியே செல்லாமல் தெரிந்த பாதையிலேயே சென்றார். ஆயினும் அவருக்கும் சோதனை காத்திருந்தது.

கொலம்பியாக் கரையிலுள்ள டாலஸ் என்னுமிடத்தோடு வண்டிப் பாதை முடிந்துவிட்டது. அதற்குமேல் தெப்பத்திலோ படகிலோதான் ஆற்றோடு இறங்க வேண்டும். படகுகள் மிகச் சில, கூலியோ அதிகம், காத்திருந்த குடும்பங்களின் கையிருப்புத் தானியம் குறைந்துகொண்டே வந்தது. அப்பொழுது சாமுவேல் பார்லோ என்பவர், ஹூட் மலையின் தென்புறமாக வண்டிப் பாதை வெட்டிவிடலாம் என்று துணிந்தார். பால்மரும் அவருடன் சேர்ந்துகொண்டார். 1845 அக்டோபர் 12-ஆம் தேதி, கணவாய் எங்கே இருக்கிறது என்று காண்பதற்காகப் பால்மர் அம்மலையின் பனிச்சரிவில் உயரமாக ஏறிச் சென்றார். 11,200 அடிக்கு மேற்பட்ட அந்த எரிமலையின் உறைபனியில், காலிலிருந்த தோல் மிதியடிகள் தேய்ந்து கிழிந்தபின் வெறுங்காலோடு நடந்தார் என்பது ஓரிகன் மக்கள் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. வழி உண்டு என்று கண்டார். ஆனால் குளிர்காலம் நெருங்கிவிட்டது. வண்டிகளைக் காட்டிலேயே காவலோடு விட்டுவிட்டு, பசியும் மழையும் வாட்ட, மக்கள் கால்நடையாகவும் குதிரை மீதும் ஓரிகன் நகரத்தை அடைந்தனர். அடுத்த ஆண்டில் பார்லோ தற்காலிக அரசின் அனுமதி பெற்று அப்பாதையை முடித்தார். வண்டிக்கு 5 டாலரும் கால்நடைத் தலைக்கு 10 சென்ட்டும் சுங்கம். அம்மலையிலுள்ள ஒரு பனியாறு பால்மர் பனியாறு என்றே இன்று வழங்குகிறது.

குளிர்காலம் முழுவதும் நாட்டைச் சுற்றிப் பார்த்தபின், 1846 வசந்தத்தில் புறப்பட்டு ஜூலையில் ஊர் திரும்பினார் பால்மர். தம் நாட்குறிப்பைச் செப்பனிட்டு 1847-இல் சின்சினாட்டி நகரில் நூலாக வெளியிட்டார். இலக்கிய நயம் கருதி எழுதிய நூல் அன்று அது. எந்த இடத்தில் தண்ணீர், எந்த இடத்தில் புல், எந்த ஆற்றில் எவ்வளவு ஆழம் என்பவற்றை நாள்வாரியாகக் கூறும் வழிநூல். பயணத்திற்கு என்ன கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் இட்ட பட்டியல் புகழ் வாய்ந்தது. வளர்ந்த ஆள் ஒருவருக்குக் கோதுமை மாவு 200 ராத்தல், கெட்டி ரொட்டி 30 ராத்தல், உப்பிட்ட பன்றி இறைச்சி 75 ராத்தல், அரிசி 10 ராத்தல், காப்பி 5 ராத்தல், தேயிலை 2 ராத்தல், சர்க்கரை 25 ராத்தல், உப்பு 10 ராத்தல், ரொட்டி உப்புவதற்கான சோடா 2 ராத்தல். இவற்றோடு உலர்ந்த அவரை வகைகளும் பழங்களும் மக்காச்சோள மாவும் சிறு பீப்பாயில் காடியும். வண்டி கனமாக இருத்தல் கூடாது, மரம் நன்கு உலர்ந்ததாக இருக்க வேண்டும் என்பவை போன்ற அறிவுரைகளும் உண்டு. தேவையற்ற மரச்சாமான்களை ஏற்றிச் சென்று, மாடு சோர்ந்தபின் வழியில் எறிந்தவர்கள் ஏராளமாக இருந்ததால், இந்த அறிவுரை வீணானதன்று.

அந்நூலின் பிற்பகுதி மற்றொரு வகையில் நம் கவனத்திற்குரியது. ஓரிகன் தற்காலிக அரசின் சட்டங்களை அதில் சேர்த்திருந்தார். அத்துடன் நெஸ்பெர்ஸ் மொழிச் சொற்களையும், சினூக் கலப்பு மொழிச் சொற்களையும் பொருளுடன் தொகுத்துக் கொடுத்திருந்தார். சினூக் கலப்பு மொழி என்பது அக்கடற்கரையில் வணிகத்திற்காக வளர்ந்த பொதுமொழி. சினூக், நூட்கா, பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளின் சொற்கள் அதில் கலந்திருந்தன. புதிய ஊருக்குச் செல்பவன் அவ்வூர்ச் சட்டத்தையும் அவ்வூர் மொழியையும் அறிந்திருக்க வேண்டும் என்ற உணர்வு இந்தச் சேர்க்கையில் புலனாகிறது. வேற்று மொழி வழங்கும் இடங்களில் வாழ்க்கை நடத்துவோர் இதன் அருமையை எளிதில் உணர்வர். 1850-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நூல் மறுபதிப்புகளும் பெற்றது.

1847-இல் குடும்பத்தோடு மீண்டும் ஓரிகன் சென்றார். சென்ற சில வாரங்களில் போர் மூண்டது. குடியேறியவர்களோடு வந்த தட்டம்மை நோய் கயூஸ் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வெள்ளையர் நோயாளிகள் பிழைப்பதையும் தம் குழந்தைகள் சாவதையும் கண்ட அவர்கள், மருத்துவராகவும் சமய ஊழியராகவும் இருந்த மார்க்கஸ் விட்மன் மீது ஐயம் கொண்டனர். 1847 நவம்பர் 29-ஆம் தேதி விட்மனும் அவர் மனைவியும் வேறு பலரும் கொல்லப்பட்டனர். இதைத் தொடர்ந்த போரில் படைக்கு உணவுப்பொருள் திரட்டும் தலைமைப் பொறுப்பு பால்மருக்குக் கிடைத்தது. மற்றக் குலத்தார் கயூஸ் மக்களோடு சேர்ந்துவிடாதவாறு அவர்களிடம் சமாதானம் பேசும் பணியையும் அவர் ஏற்றார். அப்பணியே பிற்காலத்தில் அவருக்குக் கிடைக்கவிருந்த பெரும் பதவிக்கு அடிகோலியது. போர் ஓய்ந்தபின் யாம்ஹில் ஆற்றங்கரையில் நிலம் பெற்று, 1850-இல் டேடன் என்னும் ஊரை அமைத்தார். மர அறுவை ஆலையும் நிறுவினார்.

அதே 1850-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஓரிகனில் குடியேறிய ஒவ்வொரு வெள்ளை ஆண்மகனுக்கும் 320 ஏக்கர். மணமானவரானால் மனைவியின் பெயரில் மேலும் 320 ஏக்கர். மனைவிக்குத் தனி உரிமை அளித்த வகையில் அது முற்போக்கான சட்டமே. ஆனால் நிலம் இன்னும் பூர்வ குடிகளுடையதாகவே இருந்தது. அவர்களிடமிருந்து முறைப்படி பெறுமுன்பே அதைப் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று! 1851-இல் ஆன்சன் டார்ட் என்ற அதிகாரி பல குலத்தாரோடு ஒப்பந்தங்கள் செய்தார். செனட் சபை அவற்றை ஏற்கவில்லை. கையெழுத்திட்ட மக்களோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்று காத்திருந்தனர். இந்தக் குழப்பத்தின் நடுவே, 1853-இல் ஜனாதிபதி பியர்ஸ், ஓரிகன் பகுதியின் பூர்வ குடி விவகாரங்களுக்குக் கண்காணிப்பாளராகப் பால்மரை நியமித்தார்.

பால்மரின் எண்ணம் யாது? வெள்ளையர்களுக்கும் பூர்வ குடிகளுக்கும் இடையே இடைவெளி ஏற்படாவிட்டால் பூர்வ குடிகள் அழிந்தே போவார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே அவர்களுடைய நிலத்தை விலைக்குப் பெற்று, அவர்களுக்கென ஒதுக்கிய இடங்களில் குடியேற்றி, பள்ளியும் மருத்துவரும் உழவுக் கருவியும் கொடுத்துக் காக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1853 செப்டம்பரில் ரோக் ஆற்றுக் குலத்தாரோடு முதல் உடன்பாடு. அவர்களுடைய நாட்டுக்கு விலை 60,000 டாலர். அதிலும் போரில் வெள்ளையர்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்திற்கென்று 15,000 டாலர் பிடித்தம். அதே மாதத்தில் கவ்கிரீக் மக்கள் தம் நாட்டை 12,000 டாலருக்கு விட்டனர். கணக்கிட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2.3 சென்ட். அக்காலத்தில் அமெரிக்க அரசு பொதுநிலத்தைக் குடிகளுக்கு விற்ற விலை ஏக்கருக்கு 1.25 டாலர். 1855 ஜனவரி 22-ஆம் தேதி பால்மரின் சொந்த ஊரான டேடனில், கலப்பூயா முதலிய குலத்தார் வில்லாமெட் பள்ளத்தாக்கு அநேகமாக முழுவதையும் எழுதிக் கொடுத்தனர்.

இவ்வொப்பந்தங்கள் எந்த மொழியில் பேசப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைப் பல இடங்களில் சினூக் கலப்பு மொழியில் சொல்லி, அதை மீண்டும் குலத்தாரின் மொழியில் சொல்ல வேண்டும். அக்கலப்பு மொழியிலோ சில நூறு சொற்களே உண்டு. மீன், தோல், கம்பளி, விலை ஆகியவற்றைப் பேசுவதற்கு அது போதும். 'உரிமையையும் உடைமையையும் என்றென்றைக்குமாகத் துறந்து ஒப்படைத்தல்' என்ற சட்டக் கருத்தை அதில் எவ்வாறு சொல்வது? மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் அறிவர்: சொல் இல்லாத இடத்தில் அதற்கு நெருங்கிய சொல்லைப் போடுகிறோம்; கேட்பவர் அந்த நெருங்கிய சொல்லின் பொருளையே மெய்யென்று கொள்கிறார். சாதாரணக் கடிதத்தில் இதனால் விளையும் பிழையைத் திருத்திவிடலாம். ஒரு மக்களின் நாடே கைமாறும் பத்திரத்தில் அதைத் திருத்துவது எவ்வாறு?

1855 மே, ஜூன் மாதங்களில் வாலாவாலா பள்ளத்தாக்கில் பெரியதொரு மாநாடு கூடியது. வாஷிங்டன் பகுதியின் கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸும் பால்மரும் அரசின் சார்பில் பேசினர். ஆயிரக்கணக்கில் கூடிய குலத்தார் தயங்கினர். கயூஸ் தலைவர் ஒருவர், காலின்கீழ் உள்ள நிலம் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறதா, அதற்கும் சொல்வதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டார். அதிகாரிகளிடம் அதற்கு விடையில்லை. இறுதியில் நெருக்குதலின் காரணமாகவும் வேறு வழியின்மையாலும் தலைவர்கள் கையெழுத்திட்டனர். அதே மாதம் 25-ஆம் தேதி டாலஸ் அருகில் மத்திய ஓரிகன் குலத்தாரோடு பால்மர் மற்றோர் ஒப்பந்தம் செய்தார். செனட் சபை இவற்றை உறுதி செய்தது 1859-இல்தான். அதற்கு முன்னரே, 1855-லேயே, நிலம் குடியேற்றத்திற்குத் திறந்துவிடப்பட்டது என்ற அறிவிப்பு பத்திரிகைகளில் வந்துவிட்டது. சில மாதங்களில் போர் வெடித்தது.

தெற்கே ரோக் ஆற்றுப் பகுதியில் நிலைமை இதனினும் கொடியது. 1855 அக்டோபர் 8-ஆம் தேதி விடியற்காலையில், ஜேம்ஸ் லப்டன் என்பவர் ஆயுதந்தாங்கிய குழுவோடு பட் ஓடைக் கரையில் தங்கியிருந்த பூர்வ குடிகளைத் தாக்கினார். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் அநேகர். லப்டனும் காயமுற்று இறந்தார். அவர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னோடி, சட்டமன்றத்தினர் என்ற இரு அடைமொழிகளும் பால்மருக்குப் பொருந்துவது போலவே லப்டனுக்கும் பொருந்தின. அடைமொழி ஒன்றாக இருந்தும் ஆட்கள் எவ்வளவு வேறுபட்டனர்!

தப்பியவர்களை அங்கேயே விட்டுவைத்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்று கண்ட பால்மர், அவர்களை வடக்கே கிராண்ட் ரோண்ட் என்னும் பள்ளத்தாக்கிற்கு அழைத்து வரத் தீர்மானித்தார். அதற்காக அங்கிருந்த வெள்ளையரின் நிலங்களை விலைக்கு வாங்கினார். பள்ளத்தாக்கு மக்கள் கொதித்தெழுந்தனர். வரும் பூர்வ குடிகளையும் வருவிப்பவரையும் கொல்வோம் என்ற மிரட்டல்கள் எழுந்தன. ஓரிகன் சட்டசபை உறுப்பினர்கள் பலர் 1856-இன் தொடக்கத்தில், பால்மரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று ஜனாதிபதிக்கு விண்ணப்பம் அனுப்பினர். தம் மக்களிடமிருந்தே பூர்வ குடிகளைக் காக்கும்படி பால்மர் ராணுவத் தளபதி ஜான் ஊல் என்பவரிடம் படை உதவி கேட்டார், அவரும் இசைந்தார்.

1856 பிப்ரவரி 22-ஆம் தேதி டேபிள் ராக் என்னுமிடத்திலிருந்து 325 பேர் நடக்கத் தொடங்கினர். குளிர்காலம், நோயாளிகளும் முதியவர்களும் உடன். 33 நாட்களில் 263 மைல் நடந்து மார்ச் 25-ஆம் தேதி கிராண்ட் ரோண்ட் சேர்ந்தனர். வழியில் எட்டுப் பேர் இறந்தனர். எட்டுக் குழந்தைகள் பிறந்தன. புறப்பட்டபோது இருந்த தொகையே சேர்ந்தபோதும் இருந்தது என்று உடன் சென்ற அதிகாரி கணக்கு எழுதினார். கணக்கு சரியே. ஆனால் அக்கணக்கு எதையெல்லாம் சொல்லவில்லை என்பதைப் படிப்பவர்தாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பால்மர் பதவி இழந்தார்.

அதன்பின் அவர் மனம் தளர்ந்து ஒதுங்கிவிடவில்லை. 1859 பிப்ரவரி 14-ஆம் தேதி ஓரிகன் தனி ராஜ்யமாயிற்று. 1862-இல் ஓரிகன் கீழ்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அச்சபையின் சபாநாயகராகவும் அமர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தம்மை நீக்கச் சொல்லி விண்ணப்பம் செய்த மன்றத்தின் வழிவந்த சபையிலே அவர் தலைமை வகித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1864 முதல் 1866 வரையில் மேல்சபை உறுப்பினர். 1870-இல் குடியரசுக் கட்சியின் சார்பில் கவர்னர் பதவிக்கு நின்று சுமார் 600 வாக்குகளில் தோற்றார். அடுத்த ஆண்டிலேயே, முன்பு வகித்த பதவியைவிடச் சிறியதான சைலட்ஸ் ஒதுக்கிடத்து அதிகாரிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அரசு வாக்களித்த பணமும் பொருளும் காலத்தில் வந்து சேராத நிலையில், 1873-இல் அதையும் விட்டு விலகினார். 1881 ஜூன் 9-ஆம் தேதி டேடனில் காலமானார்.

பால்மர் செய்த காரியங்களை எவ்வாறு மதிப்பிடுவது? அவரை வானளாவப் புகழ்வோரும் உண்டு. பூர்வ குடிகளின் நிலத்தைப் பறித்த அரசின் கருவி என்று பழிப்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கொலையாளிகளின் கையிலிருந்து மக்களைக் காத்தார். அதற்காகத் தம் பதவியையும் பறிகொடுத்தார். ஆயினும் அந்த மக்கள் தம் ஊரிலேயே வாழ உரிமையுடையவர்கள், அகல வேண்டியவர் வந்து புகுந்தவரே என்று அவர் சொல்லவில்லை. குடியேற்றம் நிற்காது என்பதை மாற்ற முடியாத உண்மையாகக் கொண்டு, அதற்குள்ளேயே எவ்வளவு இரக்கம் காட்ட இயலுமோ அவ்வளவு காட்டினார். கடற்கரைக் குலத்தாரோடு 1855-இல் அவர் செய்த ஒப்பந்தத்தைச் செனட் சபை ஏற்கவே இல்லை. அவர்களுக்கென ஒதுக்கிய சுமார் 11 லட்சம் ஏக்கர் நிலமும் பிற்காலத்தில் பகுதி பகுதியாகக் கைவிட்டுப் போயிற்று. தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு மக்களின் உரிமை நிற்குமாயின், அம்மனிதர் நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும் என்பதற்கு இது சான்று.

எழுத்தில் பதிந்த உரிமையோ வேறு விதமாக நிலைத்தது. 1855 ஒப்பந்தங்களில், குலத்தார் வழக்கமாக மீன்பிடித்து வந்த இடங்களில் மற்றக் குடிகளோடு சேர்ந்து மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்ற வாசகம் இடம் பெற்றிருந்தது. நூறாண்டுக்கு மேல் அது ஏட்டளவில் கிடந்தது. 1969-இல் ஓரிகன் மத்திய நீதிமன்றம், அவ்வாசகத்தின்படி கொலம்பியா ஆற்று மீன்வளத்தில் குலத்தாருக்கு நியாயமான பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1954-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் மேற்கு ஓரிகன் குலங்களுக்கு அளித்திருந்த அங்கீகாரத்தையே நீக்கியது, ஒதுக்கிடங்கள் கலைந்தன. விடாது போராடியதன் பயனாகச் சைலட்ஸ் குலத்தார் 1977-லும், கவ்கிரீக் குலத்தார் 1982-லும், கிராண்ட் ரோண்ட் குலத்தார் 1983-லும் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றனர்.

கிராண்ட் ரோண்டில் நேர்ந்த மற்றொரு மாறுதலையும் சொல்ல வேண்டும். வெவ்வேறு மொழி பேசிய இருபதுக்கு மேற்பட்ட குலத்தார் அங்கு ஒன்றாக அடைக்கப்பட்டபோது, ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைத்தது சினூக் கலப்பு மொழியே. சந்தையில் பிறந்த அம்மொழி அடுப்பங்கரைக்குள் புகுந்தது. குழந்தைகள் அதையே தாய்மொழியாகக் கற்றனர். நாளடைவில் சொல் வளமும் இலக்கண ஒழுங்கும் பெற்றது. இக்காலத்தில் அம்மக்கள் அதற்கு அகராதி தொகுத்து, தம் சிறுவர்களுக்குப் பள்ளியில் கற்பித்து வருகின்றனர். பால்மர் தம் வழிநூலின் இறுதியில், வண்டியில் வருவோர் பண்டமாற்றுக்குப் பயன்படுத்தட்டும் என்று சில சொற்களைத் தொகுத்து வைத்தார். வண்டிகள் வந்த பாதை இன்று நெடுஞ்சாலையாகிவிட்டது. வழிநூல் நூலகத்தில் இருக்கிறது. அச்சொற்களோ, நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் பேரக் குழந்தைகளுடைய நாவில் உயிரோடு வழங்குகின்றன.